பத்து நிமிடத்துக்கு ஃபேனை நிறுத்தினால் குற்றமா?

அப்பச்சி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கத்திரி வெயிலில், மத்தியானச் சாப்பாடு முடித்து, ஆத்தங்குடிக் கல்லில் வெறும் முதுகோடு படுத்திருந்த மனிதருக்கு ஃபேனை நிறுத்தினால் எப்படிப் பேசுவார்?

எனக்கும் வேறு வழியில்லை. கம்ப்யூட்டர் ப்ராசஸருக்கு வாங்கிய புது டவர் கூலரைப் பழையதோடு ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு தடவையும் அறைச்சூடும் காற்றோட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ப்ராசஸரின் சூட்டை வாங்கி அறைக்காற்றில் தள்ளுவதுதான் கூலரின் வேலை. அறை 36 டிகிரி என்றால் காற்றை நம்பி ஓடும் எந்தக் கூலரும் ப்ராசஸரை அதற்குக் கீழே இறக்காது. தூக்கம் கலைந்து உட்கார்ந்தவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். "முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசுன சுவத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு எனக்கே குளிர்ச்சியைப் பத்திச் சொல்றியா?" என்று துண்டை உதறிக்கொண்டு வளவுப் பக்கம் போய்விட்டார்.

ப்ராசஸர் பெட்டியோடு வந்த பழைய கூலர் பரிதாபம். என் ப்ராசஸரான ரைசன் 5 5600க்குச் சூட்டின் எல்லை 90 டிகிரி. ப்ராசஸரை முழு மூச்சாக வேலை வாங்கிச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட விட்டதில் 88ல் நின்றுகொண்டு ஊளையிட்டது. அதைக் கழற்றி, ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து டவரை இறக்கினேன். சூட்டை மேலே கொண்டுபோக நாலு ஹீட் பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன். உயரம் எக்கச்சக்கம், கேபினெட்டின் பக்கக் கதவு இனி இந்த ஜென்மத்தில் மூடாது. அப்பத்தா எட்டிப் பார்த்து, "என்னடா, இட்லித் தட்டை அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு. எண்ணெய் தடவுனியா?" என்றாள். பேஸ்ட் தடவினேன் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினாள்.

மறுபடி சினிபெஞ்ச். எண் 72ல் ஆடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. திடீரென்று 69, அப்புறம் 68. கொடுத்த காசு வீண்போகவில்லை என்று பூரித்துப்போய்த் திரும்பினால், திறந்து கிடந்த கேபினெட்டுக்கு அப்பத்தா பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறாள்!

"கொதிக்குதுன்னு நீதானடா சொன்னே, பாவம்."

சோதனை போச்சு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால், ஃபேன் சுவிட்சுக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு அப்பச்சி உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்குக் காலையில் எழுந்ததும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு இப்ப எத்தனை டிகிரிடா?" போன மாதம் எனக்குக் காய்ச்சல் அடித்தபோது, "வெந்நீர் குடி, சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு முறுக்கு சுற்றப் போனவள் இவள்தான்.