அந்த சிலிண்டராலயா சார்?

"அந்த சிலிண்டரத் தூக்குனதாலதானே சார் ஹெர்னியா திரும்ப வந்துச்சு?"ன்னு அந்தம்மா கேட்டாங்க, நான் "இல்லம்மா"ன்னு சொன்னேன். அதுல எனக்கு இன்னிக்கும் சந்தேகம் இல்ல. அதுக்கப்புறம் பேசுனதுதான் மனசுல கெடந்து உருளுது.

அவங்க வீட்டுக்காரர் மூட்டை தூக்குற வேலை. வலது பக்கம் ஹெர்னியா, அதாவது தசை பலவீனமான எடத்துல உள்ள இருக்கிறது வெளிய பிதுங்குறது, வேற ஊர்ல மெஷ்னு சொல்ற வலைய வச்சு தச்சு ரெண்டு வருஷம்கூட ஆகல, அதே பக்கம் திரும்ப வீக்கம். கொண்டு வந்த டிஸ்சார்ஜ் பேப்பர்ல கடைசி வரி 'கனமான பொருள் தூக்கக் கூடாது'. எவ்வளவு கனம், எத்தனை நாளைக்கு, ஒண்ணும் இல்ல. மனுஷன் அத அப்படியே பிடிச்சுக்கிட்டாரு, மூட்டை வேலைய விட்டுட்டு பாதி சம்பளத்துக்கு வாட்ச்மேனா போயிருக்காரு. ஒருநாள் கேஸ் சிலிண்டர் வந்து கீழ நின்னுருக்கு, இந்தம்மாதான் மாடிக்கு ஏத்திக் குடுங்கன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல வீக்கம் தெரிஞ்சிருக்கு. அன்னிலேர்ந்து அந்த வீட்டுல அந்தம்மாதான் குற்றவாளி. அவரு வாய்விட்டு சொல்லல போல, மாமியார் சொல்லியிருக்காங்க.

அதனாலதான் அவ்வளவு அழுத்தமா இல்லன்னேன். காரணமும் இருக்கு. காயம் ஆறி மாசக்கணக்கு ஆன பிறகு ஒருதடவ ஒரு சிலிண்டர், உள்ள இருக்கிறது 14.2 கிலோ கேஸ், இரும்போட சேத்தா முப்பது கிலோ பக்கம், அது சரியா மூடுன மெஷ்ஷ பிச்சிக்கிட்டு வராது. இருமும்போது வயித்துக்குள்ள ஏறுற பிரஷர் சாதாரணமா ஒரு வெயிட்ட தூக்கும்போது ஏறுறதவிட அதிகம்னு அளந்தே பாத்திருக்காங்க. 2018ல வந்த சர்வதேச கைட்லைன்ஸ்லயும், இடுப்புப் பக்க ஹெர்னியா ஆபரேஷன் பண்ணவங்க உடம்புக்கு சௌகரியமா இருக்குன்னு தோணுன உடனே வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்னுதான் இருக்கு. இருந்தும் நம்ம ஊர்ல மூணு மாசம், ஆறு மாசம்னு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கோம், தினக்கூலிக்காரனுக்கு ஆறு மாசம்னா என்ன அர்த்தம்னு யோசிக்காம.

அந்தம்மா முகத்துல ஒரு பாரத்த இறக்கி வச்ச மாதிரி தெரிஞ்சுது. உடனே அவரு கேட்டாரு, "அப்ப அங்க ஆபரேஷன் சரியா பண்ணலையா சார்?"

நான் "அப்படியும் சொல்ல முடியாதுண்ணே"ன்னேன்.

இந்த இடத்துலதான் நான் நின்னு நின்னு போறேன். இரும சொல்லி கைய வச்சுப் பாத்தப்ப வீக்கம் நடுப்பக்கம், இடுப்பெலும்பு முடிச்சுக்குப் பக்கத்துல தள்ளுது. முன்பக்கமா மெஷ் வைக்கிற லிக்டன்ஸ்டீன் முறையில திரும்ப வந்தா அடிக்கடி வர்ற எடமே அதுதான். மெஷ் அந்த எலும்ப தாண்டி ஒண்ணரை ரெண்டு சென்டிமீட்டராவது போகணும், கிழிசலுக்கு ஒட்டுப்போடுறப்ப துணி ஓரத்த தாண்டி வரணும்ல, அது மாதிரி. பத்தாம போனா அந்த ஓரத்துலயே பிதுங்கும். அப்ப எனக்கு அதுதான் தோணுச்சு. ஆனா பேப்பர்ல 'மெஷ் ரிப்பேர்'னு ஒரு வார்த்தைதான், என்ன சைஸ், எங்க தையல், எதுவும் இல்ல. கைய வச்சுப் பாத்துட்டு இன்னொருத்தர் வேலைய தப்புன்னு சொல்றது நியாயமில்ல, நல்லா பண்ண கையிலயும் நூத்துல சிலருக்கு திரும்ப வரத்தான் செய்யுது. 1880கள்ல பாசினிங்கற இத்தாலி டாக்டர் வெறும் தையல்ல ஆரம்பிச்சதுலேர்ந்து மெஷ் பரவலான காலம் வரைக்கும் எத்தனையோ மாத்தி மாத்தி பாத்தாச்சு, பூஜ்யம்னு ஒரு முறை வரல. இதெல்லாம் உண்மைதான். ஆனா சிலிண்டர் விஷயத்துல சட்டுனு வந்த பதில் டாக்டர் விஷயத்துல ஏன் அவ்வளவு நிதானமா வந்துச்சு?

இன்னொண்ணு. "அப்ப எதனாலதான் சார் வந்துச்சு?"ன்னு அந்தம்மா திரும்ப கேட்டப்ப நான் பீடியப் பத்தி பேசினேன். பீடி, அதனால வர்ற நாள்பட்ட இருமல், புகை திசுக்கள் ஒட்டி ஆறுறத கெடுக்கிறது, அதோட மலச்சிக்கல், ஒண்ணுக்குப் போக முக்குறது. ஒண்ணுகூட பொய் இல்ல, அடுத்த ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கணும்னா அவரு பீடிய நிறுத்தியே ஆகணும், அதனால சொல்லித்தான் தீரணும். ஆனா சொன்ன நேரம்? அந்தம்மா அவர திரும்பிப் பாத்த பார்வைய நான் பாத்தேன். அதுவரைக்கும் அவங்க மேல இருந்தது அப்படியே அவரு மேல போயிடுச்சு. "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னாங்க. அவரு தரையப் பாத்தாரு. வீட்டுக்குள்ளயே ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு மாத்தி விட்டேனே தவிர பழி அந்த வீட்ட விட்டு வெளிய போகல.

கூட வேலை பாக்குறவர்கிட்ட சொன்னேன். "நீ போலீஸா, யாரு பண்ணதுன்னு கண்டுபிடிக்க? சரி பண்ணு, அனுப்பு"ன்னாரு. அவரு சொல்றதும் சரிதான், அடிச்சுக்க போற எடத்துல ஒரு டாக்டர் வாய விட்டா நாளைக்கு யாரும் யாருக்கும் எதையும் அனுப்ப மாட்டாங்க. ஆனா 'இப்படி நடக்கும், மெஷ் ஓரத்துல விட்டுப் போறது இதுக்கு ஒரு முக்கிய காரணம், உங்களுக்கு அதுதானான்னு உள்ள பாத்தாதான் தெரியும்'னு சொல்லியிருக்கலாம்ல? அதுல யாரையும் குத்தம் சொல்லல. அத கேட்டா அந்தம்மா வீட்டுக்காரர் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் சண்டை போட்டிருப்பாரோ என்னவோ. போட்டா போடட்டும்னு சில நேரம் தோணுது, சில நேரம் தோணல.

முன்பக்கமா வச்ச மெஷ் விட்டுப்போச்சுன்னா அடுத்தத தசைக்குப் பின்பக்கமா, உள்ளேர்ந்து பண்றதுதான் நல்லது, பழைய தழும்புக்குள்ள குடையாம. லேப்ராஸ்கோப்ல, அதாவது சின்ன துளை வழியா கேமரா விட்டு உள்ளேர்ந்து பாத்தப்ப ஓட்டை நான் நினைச்ச எடத்துலதான் இருந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சு அத ரெண்டு பேருகிட்டயும் சொன்னேன், எலும்போரத்துல மூடாம இருந்த எடம் வழியா வந்திருக்குன்னு. இப்ப அவங்களுக்கு அது பெருசா படல, இந்த தடவ வராதுல்லன்னுதான் கேட்டாங்க.

வர வாய்ப்பு கம்மி, ஆனா முதல் தடவையவிட ரெண்டாம் தடவ பண்றதுல ரிஸ்க் கூடுதல்தான்னேன். திரும்ப மூட்டைக்கே போறேன்னாரு. வேணாம்னு சொல்லுங்க சார்னு அந்தம்மா. வலி இல்லாம முடிஞ்சா போகட்டும், பீடி மட்டும் வேணாம்னேன். பேப்பர்ல 'கனமான பொருள்' வரிய எழுதல. 15க்கு 10 சென்டிமீட்டர் மெஷ், நடுக்கோட்ட தாண்டி எவ்வளவு போயிருக்கு, எங்க எங்க பின் அடிச்சிருக்கு, எல்லாத்தையும் எழுதினேன். திரும்ப வந்தா அத பாக்குற டாக்டர் முதல்ல என் வேலைய பாக்கட்டும், அப்புறம் அவங்க வீட்டப் பத்தி கேக்கட்டும்.