வேலூர் மணிக்கூண்டு: 14 பேர், பேர் மட்டும் இல்லை

வேலூரிலிருந்து நேற்று ராத்திரிதான் திரும்பினேன். மனசு ஆறவில்லை. ரயில் நேரம், லாட்ஜ் வாடகையெல்லாம் இன்னொரு பதிவில்.

முதலில் ஆட்டோ. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் லாங் பஜாருக்கு 300 ரூபாய் கேட்டார். "வெயில் பாருங்க சார், வேற வண்டி கிடைக்காது" என்று மிரட்டல் வேறு. வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பாவம், வாய் திறக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். மாசக் கடைசியில் எனக்கு அது இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. வெளியே ரோட்டுக்கு வந்தால் டவுன் பஸ் வந்துகொண்டே இருக்கிறது. அதில் ஏறுங்கள்.

வேலூர் போகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுவார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சிக்கு மக்கான் சந்திப்பில் தூண் இருக்கிறது, ஜூலை 10 அன்று மாலை போடுகிறார்கள். ஆனால் லாங் பஜார் மணிக்கூண்டை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அங்கே ஓர் ஆங்கிலக் கல்வெட்டு: இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான். ஒரு பேர்கூடக் கிடையாது!

மூட்டை தூக்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, அங்கேயே நின்றேன். பட்டாளத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் இருபது வயசுப் பையன்களாகத்தான் இருந்திருப்பார்கள். மெட்ராஸ் படைகளை மெசபடோமியாவுக்கும் (இன்றைய ஈராக்) கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேற்றினார்கள். கடல் தாண்டிச் செத்தவனுக்கு இங்கே மிஞ்சியது ஒரு கூட்டல் கணக்கு. அதே போரில் இறந்தவர்களுக்காக ஈராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இதே கதை. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பேர் வெட்டினார்கள். நம் சாதாரணச் சிப்பாய்களைப் படைப்பிரிவுக்குக் கீழே வெறும் எண்ணாகப் போட்டார்கள். இந்தப் பாகுபாட்டுக்குக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டதே 2021-ல்தான். நூறு வருஷம்!

கோபத்திலும் பசித்தது. பக்கத்துச் சந்தில் பிரியாணி, கூடவே முள்ளுக் கத்தரிக்காயில் புளிப்பும் காரமுமாக எண்ணெய் மிதக்கும் தொக்கு. இந்த இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தது ரொம்ப நியாயம். ஆட்டோவில் மிச்சம் பிடித்த காசில் இன்னொரு தட்டு வாங்கினேன்.

கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டைக்கும் போக ஆசை, நேரமில்லை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள், ராணுவப்பேட்டை என்றே பேர். இந்த மாவட்டம் இன்னும் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. மணிக்கூண்டுக் கல்லில் அந்த 14 பேரின் பேர்களைத் தமிழில் பொறிக்க மாநகராட்சிக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் போரில் இறந்தவர்களின் பதிவுகளை இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் அப்பா பேரும் ஊரும்கூட இருக்கிறது. வீட்டுப் பரணில் அந்தப் போருக்குப் போனவர்களுக்குக் கொடுத்த, மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளிப் பதக்கம் கிடந்தால் தயவுசெய்து உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். விளிம்பைத் துடைத்துப் பாருங்கள், சிப்பாயின் எண்ணும் பேரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.