ஃபிஃப்த் வீலும் வேண்டும், பின்தட்டும் வேண்டும்

டெக்சாஸில் வசிக்கும் எங்கள் வீட்டில் இருப்பது முக்கால் டன் வகையைச் சேர்ந்த ஒரே ஒரு பிக்கப் டிரக். வார நாட்களில் அதன் பின்தட்டில் தோட்டத்து மண்ணும் என் தச்சு வேலைக்கான 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகைகளும் ஏறும். விடுமுறை வந்தால் அதே டிரக்தான் எங்கள் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை, அதாவது டிரக்கின் பின்தட்டிலேயே பூட்டப்படும் முகாம் வண்டியை, இழுத்தாக வேண்டும். சாதாரண டிரெய்லரைப் பம்பருக்குக் கீழே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஃபிஃப்த் வீலின் கிங்பின்னோ, அதாவது அதன் முன்பகுதியிலிருந்து கீழே நீட்டும் எஃகு முளையோ, பின்னச்சுக்கு ஏறத்தாழ நேர் மேலே, பின்தட்டின் நடுவில் உட்கார வேண்டியது. டிரெய்லர் நிலையாகப் பின்தொடர்ந்து வருவதற்கும் இடத்தை அடைத்துக்கொள்வதற்கும் காரணம் ஒன்றே.

பழைய டிரக்காக வாங்கியபோதே அதில் கிங்பின்னைக் கவ்விப் பிடிக்கும் ஹிட்ச் இருந்தது. அதைக் கழற்றிய பிறகும் தரையில் போல்ட் போட்ட இரண்டு எஃகுத் தண்டவாளங்கள் மிஞ்சின. மண் வாரும்போது மண்வெட்டி அவற்றில் முட்டி நிற்கும். பலகையைப் போட்டால் படியாது. ஆகவே அவற்றை எடுத்துவிட்டு, பின்தட்டுக்கு அடியில் சட்டகத்தோடு பொருந்தும், டிரெய்லரைப் பூட்ட ஓர் எஃகு உருண்டை கொண்ட கூஸ்நெக் அமைப்பைப் பட்டறையில் மாட்டினேன். தரையில் சுமார் 4 அங்குல வட்டத் துளை ஒன்று மட்டுமே விழுந்தது. சக்கர வளைவுக்குள் இருக்கும் கைப்பிடியை இழுத்து உருண்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் தட்டு கிட்டத்தட்ட சமதளமாகிவிடும். பயண நாளில் உருண்டையை வெளியே எடுத்துவிட்டு, அதே துளையில் இரண்டு துண்டாகப் பிரியும் ஃபிஃப்த் வீல் ஹிட்ச்சை இறக்கி நடு போல்ட்டை முறுக்குகிறேன்.

கிங்பின்னைக் கீழ்நோக்கி நீட்டி நேரடியாக உருண்டையில் பூட்டும் அடாப்டர் இன்னும் மலிவு. தட்டில் இடமும் அதிகம் மிஞ்சும். ஆனால் நீளம் கூடினால் நெம்புகோலின் விசையும் கூடும். கிங்பின்னைத் தாங்கும் டிரெய்லர்ச் சட்டகம் அதற்கென்று வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையது அப்படியானது அல்ல என்பதைக் கையேட்டில் பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

இடம் கிடைத்த மகிழ்ச்சியில், முன்பக்கம் மிஞ்சும் சுமார் 2 அடி இடைவெளியில் 40 கேலன் தண்ணீர்த் தொட்டி வைக்கத் திட்டமிட்டிருந்தேன். லாரிகள் நிற்கும் எடைமேடைக்குப் போன பிறகுதான், காலி இடம் என்பது காலி எடை ஆகாது என்று உறைத்தது. குடும்பம் நால்வர், நிறைந்த எரிபொருள், ஹிட்ச் ஆகியவற்றோடு டிரக் மட்டும் 7,640 பவுண்டு. டிரெய்லரைப் பூட்டி நிறுத்தியபோது டிரக்கின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 9,580 காட்டின. வித்தியாசமான 1,940 பவுண்டுதான் கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும் சுமை; டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டின்படி சுமையோடு சேர்த்து என் டிரக்கின் உச்ச எடை வரம்பு 9,900. ஆக, மிச்சம் வெறும் 320 பவுண்டு. ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு என்பதால், தொட்டியின் தண்ணீர் மட்டுமே 332 பவுண்டைத் தொட்டுவிடும். தொட்டித் திட்டம் அன்றோடு முடிந்தது. டிரெய்லர் வாங்க நினைப்பவர்கள் இழுவைத் திறனை விளம்பரத்தில் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உயரத்தைப் பொறுத்தவரை நான் பிழை செய்தேன். பின்தட்டின் பக்கச்சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் இடையே எங்களுக்கு 6 அங்குலம்தான் இருக்கிறது. டேவிஸ் மலை மாநிலப் பூங்காவுக்குப் போனபோது மகளின் மிதிவண்டியை முன்பக்கம் நிமிர்த்திக் கட்டியிருந்தேன். நேர்ச்சாலையில் ஒன்றும் ஆகவில்லை. முகாமிடத்துக்குள் பின்னோக்கி ஒடித்துத் திருப்பியபோது டிரெய்லரின் முன்மூலை தட்டுக்கு மேலாகச் சுழன்று வந்து கைப்பிடியை வளைத்துவிட்டது. மகள் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கைப்பிடியையே தடவிக்கொண்டு நின்றாள். இப்போது மிதிவண்டிகளைப் படுக்க வைத்துத்தான் கட்டுகிறேன். பக்கச்சுவரைத் தாண்டி எதுவும் எழும்பக் கூடாது.

தட்டில் சாமான் இருந்தால் பூட்டும்போது கண்ணுக்கு ஹிட்ச் மறைந்துபோகும் என்பதால், பூட்டி முடித்த பிறகே சாமான் ஏற்றுகிறேன். பின்கதவை இறக்கி, கிங்பின் தட்டு ஹிட்ச் தட்டைவிடச் சற்றே தாழ்வாக இருக்கும்படி வைத்துப் பின்னே வந்தால், ஹிட்ச் சாய்ந்து கொடுத்து அதை ஏற்றுக்கொள்ளும். உயரமாக இருந்தால் கிங்பின் அதைக் கவ்வ வேண்டிய ஹிட்ச் தாடைகளின் மேல் ஏறி நிற்கும், பூட்டியது போலவே தோன்றும். அந்த நிலையில் நகர்த்தினால் டிரெய்லர் பக்கச்சுவர்களின் மேல் விழும். டார்ச் அடித்துத் தாடைகள் கிங்பின்னைச் சுற்றி மூடியிருப்பதைப் பார்க்கிறேன். டிரெய்லரைத் தாங்கும் முன்கால்கள் தரையில் இருக்கும்போதே அதன் பிரேக்கை அழுத்தியபடி மெல்ல இழுத்துச் சோதிக்கிறேன். டிரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் அவசர பிரேக் கம்பியை ஹிட்ச்சின் கைப்பிடியில் அல்லாமல் டிரக்கிலேயே மாட்டுகிறேன்.

திரும்பி வந்த மறுநாள், கொட்டகைக் கூரையில் தொங்கும் சங்கிலிக் கப்பியால் ஹிட்ச்சின் இரண்டு துண்டுகளையும் தூக்கி ஓரமாக வைத்துவிடுவேன். போன திங்கட்கிழமை அதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. பத்து மணிக்குள் ஆறு பலகைகள் தட்டில் படுத்திருந்தன.