ஐந்து நிமிடம் இறங்கிய திரை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 61. போன ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடிகாலை, உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த மல்லியை எடை போட்டுக்கொண்டிருந்தோம். தராசில் எரிகிற சிவப்பு எண்ணைப் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். இடது கண்ணில் புரை விழுந்திருப்பதால் எனக்கு எல்லாமே வலது கண்தான். எட்டு என்று தெரிந்த எண்ணின் மேல் வட்டம் திடீரென்று மங்கியது. தராசு கெட்டுவிட்டதோ என்று தட்டினேன். அதற்குள் கீழ் வட்டமும் போய்விட்டது. ஷட்டரை இழுத்து விட்டது போல மேலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை இறங்கி நின்றது. வலி துளிகூட இல்லை.

பயத்தில் இடது கண்ணைப் பொத்தினேன். ஒன்றுமே தெரியவில்லை. வலது கண்ணைப் பொத்தினால் வழக்கமான மங்கலோடு மூட்டைகளும் ஆட்களும் தெரிந்தார்கள். ஐந்து நிமிடத்தில் திரை தானாக மேலேறியது. பார்வை பழையபடி வந்துவிட்டது.

"பித்தம்ணே, ராத்திரித் தூக்கம் இல்லைல்ல, ஒரு டீயப் போடுங்க" என்றான் மூட்டை தூக்குகிற தம்பி. மருந்துக்கடையில் சொன்னேன், கண் வறட்சி என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் அதை விட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. பார்வை திரும்பிவிட்டதே என்ற ஒன்றை நம்பித்தான் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது மறுபடி இறங்கியது, இரண்டு நிமிடம். வீட்டம்மா விடிந்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவி பக்கம் போகும் முன்னால் கேள்வியாகக் கேட்டார்கள். ஒரு கண்ணா, இரண்டுமா? நான் பொத்திப் பார்த்ததைச் சொன்னதும் "நல்ல வேலை செஞ்சீங்க ஐயா" என்றார்கள். இரண்டு கண்ணிலும் மறைந்திருந்தால் தேட வேண்டிய இடமே வேறாம். மின்னல் போல வளைந்து வளைந்து வெளிச்சம் தெரிந்ததா? அது ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வருவது. விளக்கைச் சுற்றி வளையம், கூடவே கண்வலி? அது கண் அழுத்தம். மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலை சீவினால் பொட்டுப் பக்கம் நோகிறதா? 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த இடத்து ரத்தக்குழாயில் அழற்சி வருவதுண்டு, உடனே ஸ்டீராய்டு கொடுக்காவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். கை மரத்ததா, பேச்சு குழறியதா என்றும் கேட்டார்கள். எனக்கு எதுவும் இல்லை. சிகரெட் மட்டும் உண்டு, 30 வருஷமாக.

கண் பாப்பா விரிய மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே பார்த்தார்கள். விழித்திரையைப் படம் எடுத்துக் காட்டினார்கள். சிவப்பு ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் மஞ்சளாகப் பளபளத்துக்கொண்டு ஒரு துணுக்கு. கொழுப்புத் துகள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு ஐயா. வியாதி கழுத்துல இருக்கும்போல. வீட்டுக்குப் போகாம இப்பவே நரம்பு டாக்டரப் பாருங்க."

பனையூர்க் கால்வாயில் தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கால்வாய்க் கரையில் ஒட்டிய குப்பை பிய்த்துக்கொண்டு வந்து சின்ன மடையில் அடைக்கும், அப்புறம் உதிர்ந்து தண்ணீர் ஓடும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் கழுத்தில் இருபக்கமும் ஓடுகிறது. கண்ணுக்கான கிளை அதிலிருந்துதான் பிரிகிறது. எனக்குத் துகள் கண் பக்கம் திரும்பியது. நேரே மேலே போயிருந்தால் பக்கவாதம். அந்த ஆபத்து முதல் சில நாளில்தான் அதிகம் என்று நரம்பு டாக்டர் சொன்னபோது வீட்டம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே படுக்கை போட்டார்கள். இ.சி.ஜி., எக்கோவில் இதயத் துடிப்பு சரி. அழற்சி இருக்கிறதா என்று பார்த்த ரத்தப் பரிசோதனையும் சரி. மூளை எம்.ஆர்.ஐ.யில் சேதம் இல்லை. ரத்த அழுத்தம்தான் 170/100. கடைசியாகக் கழுத்தில் பசையைத் தடவி டாப்ளர் ஸ்கேன். இடது பக்கம் உஷ், உஷ் என்று ஒரே சீராகக் கேட்டது. வலது பக்கம் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அப்படி ஒரு சத்தம். குறுகிய வழியில் ரத்தம் பீய்ச்சுவதால் அப்படியாம். அடைப்பு 80 சதவீதம். 70க்கு மேல், அதுவும் இப்படி அறிகுறி காட்டிவிட்டால், இரண்டு வாரத்துக்குள் குழாயைத் திறந்து கொழுப்பை எடுப்பது நல்லது என்றார்கள். ஆஸ்பிரினும் கொழுப்புக்கான மாத்திரையும் அன்றே தொடங்கி, ஒன்பதாம் நாள் ஆபரேஷன் முடிந்தது.

சிகரெட்டை ஆஸ்பத்திரியிலேயே விட்டேன். இடது பக்கக் குழாயில் 40 சதவீதம் இருக்கிறது, அதற்கு மாத்திரை போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அடுத்தது சித்திரையில்.