ஈரும் பேனும் தலைப்பாலும்

திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் வண்டி நின்றபோதுதான் கவனித்தேன். பின்னால் உட்காரும் பெரியவள் எப்போதும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் வருவாள். அன்றைக்கு இடுப்பில் கை இல்லை. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கையும் அவள் தலையில். ரெட்டைச் சடைக்கு நடுவில் விரலை விட்டு, தேங்காய் துருவுகிற வேகத்தில் சொறிந்துகொண்டிருந்தாள். பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை வளர்த்தவர்கள் மட்டும் சிரிக்கும் சிரிப்பு அது.

"ஏட்டி, பிடிச்சுக்கோ. விழுந்துராத."

"அரிக்கும்மா."

முன்னால் நின்றுகொண்டிருந்த சின்னவன் உடனே, "எனக்கும் அரிக்கி" என்றான். அவனுக்கு நாலு வயது. அக்காவுக்கு என்ன இருந்தாலும் அவனுக்கும் அது இருந்தாக வேண்டும்.

மறுநாள் பள்ளிக்கூட டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி வந்தது. 'தலையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்.' எனக்குக் காது சுட்டது. வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பாட்டி, தினமும் எண்ணெய் வைத்து, ரிப்பன் துவைத்து அனுப்புகிறேன், சுத்தமாம், சுத்தம். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டது. அப்புறம் என் மனது செய்த அடுத்த வேலையையும் சொல்லிவிடுகிறேன்: இது யார் வீட்டுப் பிள்ளையிடமிருந்து வந்திருக்கும் என்று வகுப்பு முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வந்தது. இவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளை மேல்தான் போய் நின்றது. அந்தப் பிள்ளையின் முடி எப்போதும் கொஞ்சம் கலைந்திருக்கும். அதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். பிள்ளைகளுக்கு ஆச்சி, எனக்கு எல்லா வியாதிக்கும் முதல் டாக்டர்.

"இதுக்குப் போயி மருந்தா? சீத்தாக்கொட்டைய அரைச்சுத் தேய்ச்சா பொட்டுன்னு போயிரும்லா. உனக்கு அப்படித்தான பண்ணுனேன்."

பண்ணினார்தான். நினைவிருக்கிறது. கண்ணில் ஒரு சொட்டு வழிந்து, இரண்டு நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இருட்டறையில் கிடந்ததும் நினைவிருக்கிறது. குழந்தைகள் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சீத்தாப்பழ விதை கண்ணுக்குள் போனால் கருவிழியையே புண்ணாக்கிவிடும், தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றார். மண்ணெண்ணெய் தேய்த்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்களையும் சேர்த்துத் திட்டினார். பெர்மெத்ரின் ஒரு சதவீத லோஷன் எழுதிக் கொடுத்தார். தலையை அலசி, துண்டால் துவட்டி, தடவி, பத்து நிமிடம் வைத்து அலச வேண்டும். அது பேனைக் கொல்லும், ஈரை முழுசாகக் கொல்லாது. அதனால் எட்டு, ஒன்பது நாள் கழித்து இன்னொரு முறை. அதற்குள் மிச்சமிருக்கும் ஈரெல்லாம் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு பெரிதாகி முட்டை வைப்பதற்குள் முடித்துவிடலாம்.

"சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றும் சொன்னார். "பேன் குதிக்காது, பறக்காது. ஒரு தலை இன்னொரு தலையைத் தொட்டா, நடந்து போயிடும். அவ்வளவுதான்." அந்த வாக்கியத்தை டைரியில் எழுதித் தரச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

மருந்துக் கடையில் சீட்டை நீட்டிவிட்டு மெதுவான குரலில் கேட்டேன். கடைத் தம்பி உள்ளே பார்த்து, "அண்ணே, அந்தப் பேன் மருந்து எங்க இருக்கு?" என்று கத்தினான். எனக்குப் பின்னால் நின்ற ஏழு பேரும் அரையடி நகர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. தாத்தாவின் பழைய வெள்ளை வேட்டியை முன்வாசலில் விரித்தேன். வெயில் நன்றாக அடிக்கும் இடம். ஆளுக்கொரு முக்காலி. பேன் சீப்பு, ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர், கண்ணுக்குக் கட்ட ஒரு துண்டு. இதற்கு நடுவில் மத்தியானத்துக்குச் சொதி வேறு. எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வைக்கிற சொதியை இவர் ஞாயிற்றுக்கிழமைக்கும் கேட்பார். தேங்காயைத் துருவி அரைத்து, முதல் பாலைப் பிழிந்து தனியாக ஒரு செம்பில் வைத்தேன். இரண்டாம், மூன்றாம் பாலில் காய் வெந்துகொண்டிருந்தது. முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். "தலைப்பால மேடையில வச்சிருக்கேன், யாரும் தொட்டுராதீங்க" என்று இவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். இவர் பேப்பருக்குள் இருந்தார். கேட்டது வேறு ஒரு ஆள்.

லோஷன் வெள்ளையாக, மோர் போல இருந்தது. பெரியவள் தலை முழுக்கத் தடவி, துண்டால் கண்ணைக் கட்டி உட்காரவைத்தேன். சின்னவன் எதிரே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு?"

"உனக்குப் பேன் இல்ல. டாக்டர் மாமா பாத்துட்டாங்கல்லா."

"எனக்கும் பேன் வேணும்."

அழுகை. அவனுக்கு மொட்டை போட்டு முடி இப்போதுதான் முளைக்கிறது, பேன் பிடித்து நடக்க அங்கே ஒன்றுமே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அப்பா தலையைப் பார், அப்பா அழுகிறாரா என்று கேட்டேன். உள்ளேயிருந்து பேப்பர் மடக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. பிள்ளை அழுவதை நிறுத்தினால் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கையெல்லாம் மருந்து, பத்து நிமிடம் முடியப்போகிறது. போகவில்லை.

அலசிவிட்டு வந்து உட்கார்ந்து சீப்பை எடுத்தேன். முடியை நான்கு பாகமாகப் பிரித்து, வேரோடு சீப்பை அழுத்தி நுனி வரை ஒரே இழுப்பு. வேட்டியில் தட்டினால் எள்ளைப் போலக் கொட்டியது. சில எள்ளுக்குக் கால் ஆடியது. லோஷனுக்குத் தப்பியதை இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து வலது நகத்தால் ஒரு அழுத்து. 'டிக்'. குத்தும்போதே என் வாயிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. இருபத்தைந்து வருடமாக நான் பேன் குத்தவில்லை. அந்தச் சத்தம் எங்கேயிருந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

"பேனக் கொன்னா உனக்கு வலிக்காம்மா?"

"இல்லட்டி. ஏன்?"

"ஸ்ஸ்ங்கியே."

அம்பாசமுத்திரத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ரயில் பெட்டி மாதிரி உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். கடைசிப் பெட்டியில் ஆச்சி, முதல் பெட்டியில் நான். தெருவில் நடக்கிற எல்லாக் கதையும் அந்த ரயிலில்தான் போகும். பின்னால் இருப்பவரின் முகம் தெரியாததால் எல்லோரும் கூச்சமில்லாமல் பேசுவார்கள். 'டிக்', 'ஸ்ஸ்', 'அப்புறம் அவ என்ன சொன்னா?' இதுதான் அந்தப் பேச்சின் தாளம். ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று யார் சொல்லிவைத்தார்களோ, அவர்கள் கட்டாயம் அந்த மாதிரி ஒரு திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இவளுக்கும் அதே மாதிரி வாய் திறந்தது. மூன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து 'ஸ்கூல்ல என்ன நடந்துச்சு' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்ல' என்பதுதான் பதில். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் தானாகவே சொன்னாள்.

"மிஸ் அவளக் கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சுட்டாங்கம்மா."

"யாரட்டி?"

என் மனது போய் நின்ற அதே பிள்ளையைச் சொன்னாள். எனக்குச் சீப்பு நின்றுவிட்டது.

"அவ தலையிலயும் பேன் இருக்குன்னு. ஆனா எனக்குத்தாம்மா மொதல்ல அரிச்சுச்சு. லீவுல மதினி வீட்டுக்குப் போனோம்லா, அப்பவே. ஸ்கூல் தொறந்தப்புறம்தான் அவளுக்கு."

"நீங்க ரெண்டு பேரும் என்ன செய்வீங்க, தலையோட தலை ஒட்டி?"

"ரகசியம் பேசுவோம்."

வேட்டியில் ஒரு பேன் நடந்துகொண்டிருந்தது. குத்த மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையிடமிருந்து ரகசியத்தோடு சேர்த்து நடந்துபோனதற்குத்தான் அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து இவர் குரல் கேட்டது. "ஏய், இங்க வா. சீக்கிரம் வா."

ஓடினேன். அடுப்படித் தரையில் சின்னவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். செம்பு பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. முதல் பால் முழுவதும் அவன் தலையில். மொட்டைத் தலையிலிருந்து புருவம் வழியாக, மூக்கு நுனியில் நின்று, சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவைப் போலவே கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

"பத்து நிமிஷம் ஆயிட்டாம்மா?"

"என்னடா பண்ணிவச்சிருக்க!"

"தலைப்பால்னு நீதான சொன்ன. தலைக்கு ஊத்துற பால்."

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முழுத் தேங்காய், அரைமணி நேர வேலை. ஒரு எறும்பு அதற்குள் வழி கண்டுபிடித்து வந்துகொண்டிருந்தது. அவனைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வருவதற்குள் இரண்டாம் பால் அடியில் பிடித்துவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் சொதி, முதல் பால் இல்லாமல், வெறும் காய் வெந்த தண்ணீராகத்தான் இருந்தது. இஞ்சித் துவையலை நிறைய வைத்துச் சாப்பிட்டோம். அவன் தலை மட்டும் இரண்டு நாள் பளபளவென்று இருந்தது.

சாயங்காலம் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்தேன். மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்த போன். 'ஹலோ'வுக்கு அப்புறம் என்ன சொல்வது? உங்கள் பிள்ளைக்கு எங்கள் வீட்டுப் பேன் வந்திருக்கிறது என்றா? கடைசியில் அப்படியேதான் சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு நான்தாங்க ரெண்டு நாளா முழிச்சிட்டு இருக்கேன். எங்க வீட்ல இருந்துதான் உங்க பிள்ளைக்கு வந்துட்டோன்னு" என்றார். அவர் அதற்குள் வேப்பெண்ணெய், துளசி, வசம்பு மூன்றையும் முடித்திருந்தார். சீத்தாக்கொட்டையைக் காயவைத்திருந்தார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, லோஷன் பெயரை அனுப்பினேன். ஒரு வீட்டில் போய், இன்னொரு வீட்டில் இருந்தால் திரும்ப வந்துவிடும் என்பதால் இரண்டு வீட்டிலும் இரண்டாவது முறையை ஒரே நாளில் போடுவது என்று முடிவு செய்தோம். ஒன்பதாவது நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. பொம்பளைப் பிள்ளைக்குச் செவ்வாய், வெள்ளியில்தான் தலைக்கு ஊற்ற வேண்டும் என்கிற அம்மாவுக்கு அதில் பெரிய திருப்தி. மருந்தை விட்டுவிட்டு கிழமையைத்தான் பாராட்டினார்.

டைரியிலும் எழுதி அனுப்பினேன். முதலில் வந்தது என் பிள்ளைக்கு, மருந்து போட்டாயிற்று, இரண்டு பேரையும் பழையபடி உட்கார வைக்கலாம் என்று. மிஸ் பதில் எதுவும் எழுதவில்லை, சின்னதாக ஒரு டிக் மட்டும். ஆனால் வியாழக்கிழமை அந்தப் பிள்ளை இரண்டாவது பெஞ்சுக்கு வந்துவிட்டாளாம்.

ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு போனில் பேனைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். இஸ்ரேலில் லாகீஷ் என்ற இடத்தில் யானைத் தந்தத்தில் செய்த ஒரு சீப்பு கிடைத்திருக்கிறது. வயது சுமார் 3,700 வருடம். அதில் அந்தப் பகுதியில் அப்போது வாழ்ந்த கானானியர்களின் எழுத்தில் ஒரு வரி இருப்பதை 2022இல் அறிவித்திருக்கிறார்கள். முடியிலும் தாடியிலும் இருக்கும் பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்பது அதன் பொருள். அவ்வளவு பழைய காலத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்தது இதைத்தான். தந்தத்தில் சீப்பு செய்கிற அளவுக்கு வசதி இருந்தும் பேன் விடவில்லை. கீழடியிலும் தந்தச் சீப்பு கிடைத்திருக்கிறது. அதன் பல்லில் என்னென்ன மாட்டியதோ. டைரியில் வந்த அந்தச் சிவப்பு வரிக்கு அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் தணிந்தது.

இரண்டாவது முறைக்குப் பிறகு வேட்டியில் மூன்று விழுந்தது. அடுத்த ஞாயிறு ஒன்றும் இல்லை. சீப்பைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு எழுந்தேன். எழும்போது என் கை தன்னால் காதுக்குப் பின்னால் போனது. பெரியவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"உக்காரு."

"வேலை கெடக்குட்டி."

"உக்காரும்மா."

முக்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் நின்று என் முடியை நான்கு பாகமாகப் பிரித்தாள். மூன்றுதான் வந்தது, நாலாவதைச் சின்னவன் பிடித்துக்கொண்டான். அவன் கையில் டார்ச், பட்டப்பகலில். ஆச்சியைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னாள்.

"ஏதாவது பேசும்மா."

"என்ன பேச?"

"ஸ்கூல்ல நீ என்ன ரகசியம் பேசுவன்னு சொல்லு."

யோசித்தேன். ஆறாம் வகுப்பில் கணக்கு நோட்டைத் தாமிரபரணியில் விட்டுவிட்டு, ஆறு இழுத்துப்போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்ன கதை. இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஆரம்பித்து, படித்துறையில் இறங்கி, நோட்டைத் தண்ணீரில் வைக்கிற இடத்துக்கு வந்திருப்பேன். காதுக்குப் பக்கத்தில் 'டிக்' என்று கேட்டது. கூடவே பின்னாலிருந்து, சின்னதாக, 'ஸ்ஸ்'.