கல்சட்டியில் உண்ணும் பூனை

பம்பரம் சாப்பிடப் போவதை முதன்முறையாகப் பார்ப்பவர்கள், அவனுக்கு வலிப்பு வந்துவிட்டதென்று பதறுவார்கள். படுத்திருக்கும்போது அவனிடம் எந்தக் குறையும் தெரியாது. வேகவைத்த மத்தியின் வாசனை எட்டியதும் எழுவான். எழுந்தவுடன் தலை இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். கிண்ணத்தை நெருங்க நெருங்க ஆட்டம் கூடி, மூக்கு மீனைத் தவறவிட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். பின்னங்கால்கள் அகன்றுகொள்ள, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்து, எழுந்து, மறுபடியும் குறி பார்ப்பான். பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தால் கவிழ்ந்துவிடும். எவர்சில்வர் கிண்ணம் வைத்தால் அது சமையலறையின் மறுகோடிக்கு உருண்டுபோக, இவனும் பின்னாலேயே போவான். கடைசியில், என் அம்மா புளிக்குழம்பு வைப்பதற்கென்று சேலத்திலிருந்து வாங்கி வைத்திருந்த சிறிய கல்சட்டிதான் அவன் தலையின் இடிகளுக்கு அசையாமல் நின்றது. அன்று தொடங்கிய மனத்தாங்கல் எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

அவனுக்கு இருப்பது சிறுமூளை வளர்ச்சிக் குறைபாடு. தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பேன்லூக்கோபீனியா என்னும் வைரஸ் தொற்றினால், அது வயிற்றிலுள்ள குட்டிகளின் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை அந்த நேரத்தில்தான் உருவாகிக்கொண்டிருக்கும் என்பதால், பிழைத்துப் பிறக்கும் குட்டிகளில் சில இவ்வாறு தள்ளாடும். குட்டிகள் நடக்கத் தொடங்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் இது கண்ணில் படும். இதற்கு மருந்து கிடையாது. ஆனால் வலியும் கிடையாது, வயதாக ஆக முற்றுவதும் கிடையாது, ஆயுளைக் குறைப்பதும் இல்லை. ஏதேனும் ஒரு வேலையைச் செய்ய முனையும்போதுதான் நடுக்கம் வரும். தூங்கும்போது அவன் மற்ற எந்தப் பூனையையும்போல அசையாமல் தூங்குவான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவனைப் பார்த்த இளம் மருத்துவர் இவ்வளவையும் பொறுமையாக விளக்கிவிட்டு, “இவனுக்கு எதுவும் தெரியாது, பயப்படுவதெல்லாம் நாம்தான்” என்று சொல்லி அனுப்பினார்.

பம்பரம் எங்களிடம் வந்தது ஏழு வார வயதில், ஊருக்கு வெளியே உள்ள ஒரு காப்பகத்திலிருந்து. நம் ஊர்க் காப்பகங்கள் பெரும்பாலும் நாய்களுக்காக அமைந்தவை. பூனைகளுக்கு ஒதுக்கப்படுவது ஓர் அறையும் சில கூண்டுகளும்தான். நூறு நாய்கள் குரைக்கும் இடத்தில் பூனை முதலில் செய்வது சாப்பாட்டை நிறுத்துவது. அச்சமும் பட்டினியும் சேர்ந்தால், சளி இருமலாக முன்பு வந்து அடங்கிப் போயிருந்த ஹெர்பிஸ் வைரஸ் மறுபடியும் தலைதூக்கும்; ஒன்று தும்மினால் ஒரு வாரத்தில் வரிசைக் கூண்டுகள் எல்லாம் தும்மும். அங்கு வேலை செய்பவர்கள் மீது குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டே பேர் விடியற்காலையிலிருந்து இரவு வரை கூண்டு கழுவுவதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த நெருக்கடியிலிருந்து ஒரு பூனையை எடுத்து, தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்து நிலையான வீடு கிடைக்கும்வரை நம் வீட்டில் வைத்துக்கொள்வதைத்தான் இத்துறையில் இருப்பவர்கள் ஃபாஸ்டர் என்கிறார்கள். என் அம்மா சத்திரம் என்கிறார். அதுவே சரியான சொல் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சத்திரத்தில் எவரும் தங்கிவிடக் கூடாது.

இந்தச் சத்திரத்தின் முதல் விதியை நான் கற்றுக்கொண்ட விதம் எழுதுவதற்கே கூசுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் ஆட்டோ நிறுத்தத்தருகே கிடந்த இரண்டு குட்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, குளிரில் நடுங்குகிறதே என்ற இரக்கத்தில், ஏற்கெனவே இருந்த இரண்டு குட்டிகளோடு ஒரே பெட்டியில் விட்டேன். நான்கும் கட்டிப்பிடித்துத் தூங்கிய படத்தை எல்லோருக்கும் அனுப்பினேன். நான்காம் நாள் ஒன்று சாப்பிடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தது. அந்த இருப்பு எதைக் குறிக்கிறதென்று அப்போது எனக்குத் தெரியாது. மருத்துவர் நாய்களைத் தாக்கும் பார்வோ என்னும் நெருங்கிய உறவு வைரஸுக்கான சோதனை அட்டையிலேயே பார்த்துவிட்டுப் பேன்லூக்கோபீனியா என்றார். பதினொன்றாம் நாளுக்குள் மூன்று குட்டிகள் போய்விட்டன. கூடத்தில் மிச்சமிருந்த வைரஸ் ஓர் ஆண்டுவரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது என்பதால், பல மாதங்கள் புதிய குட்டி எதையும் ஏற்க முடியவில்லை. நான் துடைத்ததோ பினாயிலால். பினாயில் அந்த வைரஸை ஒழிப்பதில்லை; பீனால் சேர்ந்த பொருள்களைச் செரித்து வெளியேற்றும் வலிமை பூனையின் கல்லீரலுக்கு இல்லாததால் பூனைக்குத்தான் கேடு. நீர் சேர்த்த பிளீச்சிங் கரைசலே இதற்கு ஏற்றது. அதே கல்லீரல் குறையால்தான், காய்ச்சல் என்று எண்ணி அரை பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தாலும் பூனை இறந்துவிடக்கூடும். நாய் உண்ணிக்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் அப்படியே.

அதன்பின் எந்தக் குட்டி வந்தாலும் இரண்டு வாரம் பின்பக்கக் குளியலறையில் தனியாகத்தான் இருக்கும். அதற்கென்று தனிச் செருப்பு, தனிச் சட்டை. எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. நானும் என் கணவரும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டோம், கடி படாமல் இந்த வேலையில் யாரும் ஓராண்டைக் கடப்பதில்லை.

காப்பாற்றுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கொடுப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, உண்மையில் அதுதான் கைப்பழக்கமும் கல்நெஞ்சும் கேட்கும் வேலை. ஒரு பூனையை நானே வைத்துக்கொண்டால் எனக்கு ஒரு பூனை கிடைக்கும், சத்திரத்தில் ஓர் இடம் போய்விடும். அந்த இடத்துக்காகக் கூண்டில் காத்திருக்கும் அடுத்த குட்டி அங்கேயே கிடக்கும். இதைத் தெரிந்துகொண்டே இரண்டு முறை தோற்றிருக்கிறேன். அந்த இருவரும் இதைத் தட்டச்சு செய்யும்போது என் மேசையின் மேல்தான் படுத்திருக்கிறார்கள்.

தத்தெடுக்க அழைப்பவர்களில் பாதிப்பேரின் முதல் சொல் “பாவம்” என்பதாகவே இருக்கிறது. “அந்தக் கண்ணில்லாத பூனை பாவம், எங்களுக்கே கொடுங்கள்” என்று இரவு பதினொரு மணிக்கு உருகியவர், மறுநாள் காலையில் அழைத்தால் எடுப்பதில்லை. பாவம் என்ற உணர்ச்சியில் வருபவர்களுக்குக் குறையுள்ள பூனையைக் கொடுப்பதில்லை என்று நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தேவை கணக்குக் கேட்பவர்கள். மாதம் எவ்வளவு செலவாகும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், பூனை மலம் கழிக்கும் மண் தட்டை எங்கே வைப்பது என்று நச்சரிப்பவர்களின் வீட்டிலிருந்து ஒரு பூனைகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

நெத்திலி அப்படித்தான் போனாள். பூனைச் சளிக்காய்ச்சலில் இரண்டு கண்களும் புண்ணாகி உடைந்துபோன நிலையில் காப்பகத்துக்கு வந்தவள். நான்கு மாத வயதில் இரு விழிகளையும் அகற்றித் தையல் போட்டார்கள். வலி நீங்கியதும் அவளிடம் வந்த மாற்றத்தைப் பார்த்தபோது, அதுவரை அவள் சோம்பலாக இருந்ததாக நாங்கள் எண்ணியதெல்லாம் வலிதான் என்று புரிந்தது. மூன்றே நாளில் மீசை முடிகளாலும் காதாலும் வீட்டை அளந்து மனப்பாடம் செய்துவிட்டாள். மின்விசிறியின் சத்தத்தை வைத்துக் கூடத்தின் நடுவைத் தெரிந்துகொள்வாள். மின்சாரம் நின்றால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். அவளைப் பார்க்க வில்லிவாக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரும் அவர் மனைவியும் வந்தார்கள். குருட்டுப் பூனைக்கு முக்கியமாக வேண்டியது, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாமல் இருப்பது என்று நான் சொன்னதும், அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “முப்பது வருஷமாக ஒரு பீரோவை நகர்த்தச் சொல்கிறேன் அம்மா, இவர் நகர்த்தவில்லை. எங்கள் வீட்டைவிட அதற்குத் தோதான வீடு கிடைக்காது” என்றார்.

எல்லாம் இவ்வளவு நன்றாக முடிந்ததில்லை. ஏழாவது மாடியில் குடியிருந்த இளம் தம்பதிக்கு ஒரு செவலைக் குட்டியைக் கொடுத்தேன். பால்கனிக்கு வலை அடிப்பதாக உறுதி சொன்னார்கள்; ஆள் அடுத்த வாரம் வருவதாகவும் சொன்னார்கள்; நல்லவர்கள், படித்தவர்கள் என்று நானும் சம்மதித்தேன். புறாவைத் துரத்திக்கொண்டு பாய்ந்த குட்டி, கீழே நின்ற காரின் மேல் விழுந்தது. தாடை எலும்பு உடைந்து, மேலண்ணம் பிளந்து, நான்கு வாரம் கழுத்தின் பக்கமாகப் பொருத்திய குழாய் வழியாகக் கஞ்சிபோல் கரைத்த உணவு ஏற்றிப் பிழைக்க வைத்தோம். செலவு முழுவதையும் அவர்களே ஏற்றார்கள், மருத்துவமனை வாசலில் அந்தப் பெண் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. தவறு என்னுடையது. இப்போது வலை கட்டிய பால்கனியின் படம் வந்த பிறகுதான் கூடையைத் தூக்குகிறேன்.

திரும்பி வரும் பூனைகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும். வீட்டு உரிமையாளர் ஒப்பவில்லை என்பது ஒன்று. அதனால் இப்போது உரிமையாளரிடம் நானே பேசிவிடுகிறேன். வீட்டில் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்பது மற்றொன்று. டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் என்ற அச்சம் பொய்யில்லை, ஆனால் பூனையின் மலத்தில் வெளியேறும் அந்தக் கிருமி, தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். மண் தட்டை வேறு ஒருவர் நாள்தோறும் சுத்தம் செய்து, பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காமல் இருந்தாலே அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடும். இதைச் சொல்லி நான் தடுத்து நிறுத்திய பூனைகளும் உண்டு. பெரியவர்கள் பிடிவாதத்தில் தோற்ற பூனைகளும் உண்டு. கறுப்புப் பூனை என்பதால் வேண்டாம் என்பவர்களிடம் நான் வாதாடுவதை நிறுத்திப் பல நாளாயிற்று.

பம்பரத்துக்கு வருவோம். பதினான்கு மாதம் அவனை எவரும் கேட்கவில்லை. இதற்கிடையில் அவனுக்காக எங்கள் வீடே மாறிப்போனது: வழுக்கும் டைல்ஸ் தரைமேல் கோணிச் சாக்குகள், சாய்ந்துகொண்டு மலம் கழிப்பதற்காக, ஒரு பக்கம் மட்டும் வெட்டிய ஆழமான பிளாஸ்டிக் தொட்டி, கட்டிலிலிருந்து விழும் இடத்தில் பழைய இலவம்பஞ்சு மெத்தை. அவனைப் பற்றி எழுதும்போது முதல் வரியிலேயே குறையை எழுதினேன், தலை ஆடும் காணொளியையே முதலில் வைத்தேன். அழகான படத்தைக் காட்டி ஆளை வரவழைத்துவிட்டு, பிறகு மெதுவாக விஷயத்தைச் சொல்வது வரன் பார்க்கும் தரகரின் வேலை.

கடந்த தையில் கொளத்தூரிலிருந்து தையல் வேலை செய்யும் ஒரு பெண் வந்தார், தம் தந்தையையும் அழைத்துக்கொண்டு. பெரியவருக்குக் கை நடுக்கம் இருந்தது; நான் கொடுத்த காபித் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தும் டவராவில் கொஞ்சம் சிந்தியது. அந்த நேரம் பார்த்துப் பம்பரம் தன் சாப்பாட்டை நோக்கிப் புறப்பட்டான். நான் விளக்க வாயெடுத்தேன். பெரியவர் கையமர்த்திவிட்டு, அவன் மூன்று முறை குறி தவறி நான்காம் முறை மீனைக் கவ்வும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், “சட்டி கனமாக இருக்கிறதால்தான் முடிகிறது பார். எனக்கும் இந்த மாதிரி ஒன்று வாங்கு” என்றார். அந்தப் பெண் பாவம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. சட்டியைத் தரையிலிருந்து எத்தனை அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும் என்று கேட்டு, கையிலிருந்த அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொண்டார்.

வீடு அவர்களுடைய சொந்த வீடு, தரைத்தளம், பழைய சிமெண்ட் தரை. மூன்று நாள் தையல் இயந்திரத்தின் அடியில் ஒளிந்திருந்தானாம். மூன்றாம் வாரத்தில் பெரியவரின் சாய்வு நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். அண்மையில் வந்த படத்தில் நாற்காலியின் ஒரு கையில் பெரியவரின் கை, அதன்மேல் பம்பரத்தின் தலை. இரண்டுமே தெளிவில்லாமல் விழுந்திருந்தன.

கல்சட்டியும் அவனோடு போய்விட்டது. புளிக்குழம்பு வைக்க அம்மா தேடியபோதுதான் அவரிடம் சொன்னேன். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. போன வியாழக்கிழமை காப்பகத்திலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்ற ஒரு குட்டி வந்திருக்கிறது. நாளுக்கு நான்கு முறை அடிவயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுக்க வேண்டும், காலை ஐந்து மணி முறை அம்மாவுடையது. குட்டியைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, பரணிலிருந்த பெரிய கல்சட்டியைச் சேலை ஒன்றில் சுற்றி, தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்.