கேட்டரிங் பிராக்டிக்கலில் ஆம்லெட்: வீட்டு அடுப்பிலேயே பழகுவது எப்படி

ஹோட்டல் மேனேஜ்மென்ட் முதலாண்டில் பிராக்டிக்கல் என்றதும் எல்லோரும் சாஸுக்கும் சூப்புக்கும்தான் பயப்படுவார்கள். முட்டைதானே என்று அந்தப் பாடத்தை விட்டுவிடுவார்கள். தேர்வன்று ஆம்லெட் வந்தால்தான் அதன் குணம் தெரியும். சூப்பில் உப்பு கூடினால் எதையாவது ஊற்றிச் சரிக்கட்டலாம். ஆம்லெட் அடுப்பில் இருப்பதே மொத்தம் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. திருத்த நேரம் கிடையாது. ஆகவே வீட்டில் பழகும்போது கையில் ஏற வேண்டியது ஒன்றே ஒன்று: இன்னும் வேகவில்லையோ என்று தோன்றும்போதே இறக்குவது.

பிளெயின் ஆம்லெட் என்று கேட்டால் அது பிரெஞ்சு முறை. வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு இரண்டு பக்கமும் சிவக்கத் திருப்பிப் போடும் நம் ஆம்லெட் இல்லை. வெளியே வழவழப்பான வெளிர்மஞ்சள், இரண்டு முனையும் கூம்பிய சுருள், உள்ளே ஈரம் காயாத பதம். இந்தப் பதத்தைப் பிரெஞ்சில் பவெஸ் என்பார்கள். பரோட்டாக் கடையில் கலக்கி சாப்பிட்டவருக்கு இதை விளக்கவே வேண்டாம். கலக்கியைவிட ஒரு படி கெட்டி, அவ்வளவுதான். சில ஆசிரியர்கள் லேசான பொன்னிறத்தை ஒத்துக்கொள்வார்கள், சிலர் ஒரு செம்புள்ளிக்கும் மார்க் குறைப்பார்கள். உங்கள் வகுப்பில் எப்படிச் செய்து காட்டினார்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாத்திரம். மூன்று முட்டைக்கு 20 சென்டிமீட்டர் பேன், அதாவது எட்டு அங்குலம். இரண்டு முட்டைக்கு ஆறு அல்லது ஏழு அங்குலம். ஓரம் சரிந்து வளைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சுருட்ட முடியாது. இரண்டு முட்டையைத் தோசைக்கல்லில் ஊற்றினால் பேப்பர் ரோஸ்ட்தான் வரும். வீட்டில் நான்ஸ்டிக்கில் பழகிவிட்டுத் தேர்வில் அலுமினியம் அல்லது இரும்பு பேன் கிடைத்துத் திண்டாடுவது வழக்கமாக நடப்பது. அப்படிக் கிடைத்தால் பேனை ‘ப்ரூவ்’ செய்ய வேண்டும்: நன்றாகச் சூடாக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டு, மடித்த துணியால் அழுத்தித் தேய்த்து, உப்பு முழுவதையும் துடைத்துவிட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் செய்ததெல்லாம் வீண். வீட்டில் ஒரு முறையாவது இரும்புச் சட்டியில் இதைச் செய்து பாருங்கள்.

முட்டையைச் சமையலுக்கு அரைமணி முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். சில்லென்ற முட்டை பேனின் சூட்டைக் குடித்துவிடும். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே மற்றதோடு சேருங்கள். மூன்றாவது முட்டை கெட்டிருந்தால் மற்ற இரண்டும் போய்விடும். பாத்திர விளிம்பில் தட்டாமல் மேடையின் சமதளத்தில் தட்டினால் ஓட்டுத்தூள் உள்ளே போவது குறையும். மூன்று முட்டைக்கு உப்பு கால் டீஸ்பூன். உப்பு வெண்ணெய் என்றால் அதிலும் பாதி. உப்பைப் போட்டு அடித்து 15 நிமிடம் வைத்தால் கலவையின் நிறம் சற்று ஆழமாகும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அப்படி வைத்த முட்டை வெந்தபின் மென்மையாக இருக்கும், தண்ணீரும் குறைவாக விடும். மிளகுக்கு வெள்ளை மிளகுத்தூள் போடுங்கள், கருமிளகு மஞ்சள் மேற்பரப்பில் அழுக்குப் போலத் தெரியும். பால் தேவையில்லை.

அடிப்பது முள்கரண்டியால், 30, 40 அடி போதும். வெள்ளைக்கரு இழை இழையாகத் தெரியக்கூடாது. நுரையும் பொங்கக்கூடாது, நுரைத்த கலவை பேனில் குமிழியாகி மேற்பரப்பில் பொத்தல் விழும். இழை போகவில்லை என்றால் வடிகட்டியில் ஒருமுறை ஊற்றி எடுங்கள்.

இனி அடுப்பு. மிதமான தீயில் பேனை ஒரு நிமிடம் காயவிட்டு 10 முதல் 15 கிராம் வெண்ணெய் போடுங்கள். இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். அது ஆவியாகும்வரை சலசலவென்று சத்தம் கேட்கும், நுரை ஏறும். சத்தம் அடங்கி நுரை கீழே இறங்கும் அந்த நொடிதான் முட்டையை ஊற்ற வேண்டிய நொடி. அதற்கு முன்னால் ஊற்றினால் ஒட்டும். அடியில் பழுப்பு தெரிந்த பிறகு ஊற்றினால் ஆம்லெட்டும் பழுப்பாகும். அப்படி ஆகிவிட்டால் துடைத்துவிட்டு வேறு வெண்ணெய் போடுங்கள், மனசு கேட்கவில்லை என்று ஊற்றிவிடாதீர்கள்.

ஊற்றியதும் மூன்று எண்ணும்வரை சும்மா இருங்கள். பிறகு இடது கையால் பேனை முன்னும் பின்னும் ஆட்டியபடியே, வலது கையால் முள்கரண்டியின் முதுகு பேனில் படும்படி சின்னச் சின்ன வட்டமாகக் கலக்குங்கள். நான்ஸ்டிக் என்றால் மரக்கரண்டி அல்லது சிலிக்கான் கரண்டி. 20, 25 நொடியில் கலவை உப்புமா கெட்டிப்படுவதற்குச் சற்று முந்தைய நிலைக்கு வரும்: கட்டிகள் சின்னதாக, இடையிடையே திரவம். கலக்குவதை நிறுத்துங்கள், பரப்பிச் சமப்படுத்துங்கள், அடியில் மெல்லிய தோல் பிடிக்க ஐந்து நொடி விடுங்கள். உடனே தீயிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலே இன்னும் பளபளவென்று ஈரமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

காரணம் எளிது. வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுகத் தொடங்கும், மஞ்சள்கரு 65 முதல் 70க்குள், இரண்டையும் கலந்தால் 73 வாக்கில். அதற்குமேல் போகப் போகப் புரத வலை இறுகி, உள்ளே பிடித்துவைத்த தண்ணீரை ஈரத்துணியைப் பிழிவதுபோல வெளியேற்றும். தட்டில் ஆம்லெட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீர் அதுதான். இறக்கிய பின்னும் உள்சூடு வேலை செய்யும் என்பதை மறக்கக்கூடாது.

சுருட்டுவதற்குப் பேனின் கைப்பிடியை 45 டிகிரி உயர்த்துங்கள். உங்கள் பக்க விளிம்பை மூன்றில் ஒரு பங்கு மடித்து, கைப்பிடியில் முஷ்டியால் மெல்லத் தட்டினால் எதிர்விளிம்பு தானாக மேலேறி மடியும். தட்டை நெருக்கிப் பிடித்துக் கவிழ்த்தால் மடிப்பு அடிப்பக்கம் போய்விடும். இந்தத் தட்டல்தான் கடினம், இதற்காக முட்டையை வீணாக்க வேண்டியதில்லை. ஆறிய பேனில் மடித்த ஈரக் கைக்குட்டையைப் போட்டு நூறு முறை தட்டிப் பழகலாம். வடிவம் கோணினால் சுத்தமான துணியால் மேலே மூடிக் கையால் அணைத்துச் சரிசெய்யலாம். மேலே வெண்ணெய் தடவினால் பளபளப்பு வரும்.

சுருட்டும்போது கிழிந்தால் அதிகம் வெந்துவிட்டது. உடைந்து வழிந்தால் தோல் பிடிக்க ஐந்து நொடி விடவில்லை. நடுவில் மட்டும் நிறம் பிடித்தால் வீட்டு பர்னரின் சுடர் பேனின் நடுவிலேயே குவிகிறது என்று அர்த்தம். பேனைச் சுற்றிச் சுற்றி நகர்த்துங்கள்.

ஸ்டஃப்டு ஆம்லெட் என்றால் மூன்று முட்டைக்கு 30, 40 கிராம் பூரணம் போதும். காளானோ கோழியோ, முன்பே வதக்கி நீர் வற்றியிருக்க வேண்டும், சூடாகவும் இருக்க வேண்டும். மடிப்பதற்குச் சற்று முன் நடுவில் ஒரு கோடாக வையுங்கள். ஸ்பானிஷ் ஆம்லெட் சுருட்டாமல் தட்டையாக வைப்பது. தக்காளி விதையை எடுத்துவிட்டு வெங்காயம், குடைமிளகாயோடு வதக்கிச் சேர்ப்பார்கள். ஸ்பெயினில் தோர்த்தில்லா என்றால் உருளைக்கிழங்கு போட்டது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இந்த வித்தியாசத்தைக் கேட்டால் முழிக்காதீர்கள்.

தேர்வன்று மெனுவில் வேறு பதார்த்தங்களும் இருந்தால் ஆம்லெட்டைக் கடைசியில் போடுங்கள். காத்திருந்தால் உள்ளே இறுகிவிடும். தட்டு வெதுவெதுப்பாக இருக்கட்டும். முட்டை உடைத்த கையைக் கழுவிவிட்டுத்தான் தட்டை அலங்கரிக்கும் கார்னிஷைத் தொட வேண்டும், தேர்வாளர் கண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வீட்டில் பழகிய ஆம்லெட்டைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுப்பதானால் பவெஸ் பதத்தை மறந்துவிட்டு முழுதாக வேகவைத்துக் கொடுங்கள்.